அரண்மனைச் சுவரிலிருந்து தெருச்சுவருக்கு: இரவிவர்மரின் வாழ்க்கை

திரைப்படச் சுவரொட்டியை ஓவியக் கலையின் கடைக்குட்டி என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஓடும் பேருந்திலிருந்து ஒரு நொடி காணப்படுவதும், மழையில் நனைந்து கிழிவதும், அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு தாளால் மூடப்படுவதுமான ஒன்றைக் கலை என்று சொல்ல அவர்களுக்கு நாக்கூசும். ஆயினும் அந்தக் கடைக்குட்டிக்கும் ஒரு வமிச வரலாறு உண்டு. அதைத் தேடிப் பின்னோக்கி நடந்தால், நாம் பயிலும் இந்தத் திருவனந்தபுரத்துக்கே வந்து சேர்வோம். இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளிமானூரில் பிறந்து, இந்நகரத்து அரண்மனையில் ஓவியம் பயின்ற இராஜா இரவிவர்மரே இந்தியச் சுவரொட்டியின் மூதாதை என்பது என் கருத்து. அவர் சுவரொட்டி எதையும் எழுதியவர் அல்லர். நம் நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் வெளிவருவதற்கு ஏழாண்டு முன்பே மறைந்தவர். ஆனால் சுவரில் உள்ள ஒரு படம் வழிப்போக்கனை எவ்வாறு நிறுத்த வேண்டும் என்பதை இந்நாட்டுக்குக் காட்டியவர் அவரே.

இரவிவர்மர் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாயார் உமாம்பா தம்புராட்டி கவி பாடும் ஆற்றல் உடையவர். தந்தையார் நீலகண்டன் பட்டதிரி வடமொழி அறிஞர். பெயரின் முன்னே இராஜா என்று இருப்பினும் அவர் எந்த நாட்டையும் ஆண்டவர் அல்லர். சிறுவயதில் அவருக்குக் கோடு இழுக்கக் கற்பித்தவர் தாய்மாமனாகிய இராஜராஜவர்மர். அந்த மாமன் கற்றதோ தஞ்சாவூர் ஓவிய மரபு. சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரம் அரசவையில் இருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் அவர் பயின்றார். ஆகவே மலையாள நாட்டின் பெருமையாகப் போற்றப்படும் இந்த ஓவியரின் முதற்பாடத்திலேயே தஞ்சையும் மதுரையும் கலந்திருந்தன. தமிழ் மாணவராகிய நாம் இதை மறத்தல் ஆகாது; மிகைப்படுத்தலும் ஆகாது.

1862இல், பதினான்கு வயதில், மாமன் அவரை ஆயிலியம் திருநாள் மகாராஜாவின் அவைக்கு அழைத்து வந்தார். அரண்மனையில் தங்கி ஓவியம் பயில மன்னர் இடமளித்தார். ஆனால் கல்வி எளிதில் கிட்டவில்லை. அன்று நம் நாட்டினருள் எண்ணெய் வண்ணத்தைக் கையாளத் தெரிந்தோர் மிகச் சிலர். அவருள் ஒருவரான அவை ஓவியர் இராமசாமி நாயக்கர், தமக்குப் போட்டியாக ஓர் இளைஞன் வளர்வதை விரும்பவில்லை என்றும், அவருடைய மாணவர் அறுமுகம் பிள்ளையே யாரும் அறியாமல் இரவிவர்மருக்குச் சில நுட்பங்களைக் கற்பித்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தை எழுத வந்தார். அவரும் அருகிருந்து பார்க்க இசைந்தாரே அன்றிக் கற்பிக்க முன்வரவில்லை. இரவிவர்மர் பார்த்தார், பார்த்ததைத் தனியே செய்து பழகினார். வண்ணம் விரைவில் உலராமல் இருப்பதால் நிறங்களை ஒன்றோடொன்று இழைக்கலாம், தோலின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் நகையின் ஒளியையும் வேறுபடுத்திக் காட்டலாம் என்பதைத் தம் கையாலேயே கண்டறிந்தார்.

தொழில் நுட்பம் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு காலத்தில், கதவிடுக்கின் வழியே கற்றவர் அவர். பிற்காலத்தில் தம் படங்களை ஊரெல்லாம் பரப்பத் துணிந்தமைக்கு இந்த இளமை அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

1873ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதே படம் வியன்னாக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. மறு ஆண்டு சுவரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணை எழுதி மீண்டும் பதக்கம் பெற்றார். 1875இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கு அப்படம் பரிசாக அளிக்கப்பட்டது. 1876இல் துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையின் படம் வந்தது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அதை வாங்கினார். மோனியர் வில்லியம்ஸ் தம் சாகுந்தல மொழிபெயர்ப்பு நூலின் முகப்பில் அதை அச்சிட்டார். இருபத்தெட்டு வயதில் ஒரு மலைநாட்டு இளைஞரின் பெயர் கடல் கடந்தது.

அவர் படங்களின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? இவ்வூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள அவருடைய படங்களின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அவை இரு வகைப்படும்: நம்மைப் பார்க்கும் படங்கள் ஒரு வகை, நம்மைப் பாராத படங்கள் மற்றொரு வகை.

அவருடைய இலட்சுமி முதல் வகை. தாமரை மேல் நேரே நிற்கிறாள், கைகளில் மலர், கண்கள் நம்மீது. கதை ஒன்றும் நடக்கவில்லை. கருவறையில் திரை விலகும்போது தெய்வம் எப்படி நம்மை எதிர்கொள்ளுமோ அப்படி எதிர்கொள்கிறாள். எழுத்தறியாதவருக்கும் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். படத்தின் நடுவே அவள். மற்றவையெல்லாம் அவளுக்கு அணி.

அன்னத்தோடு நிற்கும் தமயந்தியும், காலில் முள் தைத்ததுபோல் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையும் இரண்டாம் வகை. தமயந்தியின் கருத்தெல்லாம் அன்னத்தின் சொல்லில் இருக்கிறது. அது என்ன சொல்கிறது என்பது நமக்குக் கேட்பதில்லை. சகுந்தலை தோழியின் தோளைப் பற்றிக்கொண்டு, முள்ளை எடுப்பவள்போல் பின்னே நோக்குகிறாள். அவள் நோக்கும் மன்னன் படத்துக்கு வெளியே இருக்கிறான். கதையின் முடிவை எழுதாமல், முடிவுக்கு முந்திய ஒரு நொடியை ஓவியர் பிடித்து வைத்துவிட்டார். அடுத்து என்ன நிகழும் என்ற ஆவலே பார்ப்பவனை நிறுத்துகிறது.

இன்று வரை வந்த புகழ்பெற்ற சுவரொட்டிகளை எண்ணிப் பாருங்கள், தோழர்களே. நாயகனின் முகம் தாளெங்கும் நிறைந்து நம்மை நேரே நோக்கும் சுவரொட்டி, இலட்சுமியின் வழி வந்தது. வாளை ஓங்கிய கையும், கதவருகே கலங்கிய கண்ணுமாகக் கதையை நடுவில் நிறுத்தும் சுவரொட்டி, சகுந்தலையின் வழி வந்தது. பலதேசத்து மங்கையர் பதினொருவரை ஒரே சட்டத்தில் கூட்டிய அவருடைய இசைக்குழுப் படத்தைப் பார்த்தால், நட்சத்திரப் பட்டாளத்தை ஒரே தாளில் அடுக்கும் வித்தையும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது புலப்படும்.

ஆனால் படம் நன்றாக இருப்பது மட்டும் போதாது. அது மக்களிடம் போய்ச் சேர வேண்டும். அந்த வழியைக் காட்டியவருள் ஒருவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர் அவர். படங்கள் வேண்டுமென்று கேட்போர் நாடெங்கும் பெருகியதைக் கண்டு, அவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் பிரதிகள் எடுக்கலாம் என்று அவர் இரவிவர்மருக்கு யோசனை கூறினார். அதற்குள் திருவனந்தபுரத்தில் நிலை மாறியிருந்தது. 1880இல் ஆயிலியம் திருநாள் மறைந்தார். இரவிவர்மருக்கு அவையில் முன்பிருந்த ஆதரவு குறைந்தது. 1881இல் சாயாஜிராவ் மன்னரின் முடிசூட்டை ஒட்டிப் பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. 1888இல் அதே மன்னர் புராணக் காட்சிகள் பதினான்கை எழுதித் தருமாறு பணித்தார். இரவிவர்மரும் அவர் தம்பி சி. இராஜராஜவர்மரும் வடநாடெங்கும் சுற்றினர். தெய்வங்களுக்கு எந்த உடை அணிவிப்பது என்பதே அவர்கள் தேடிய விடை. ஊருக்கொரு உடை இருந்த நாட்டில், கடைசியில் சேலையையே அவர்கள் தேர்ந்தனர். இன்று நாட்காட்டியிலும் திரையிலும் தேவியர் சேலையில் தோன்றுவதற்கு அந்தத் தேர்வு பெரும் காரணம்.

அந்தப் பதினான்கு படங்களும் பரோடாவுக்குச் செல்லுமுன் திருவனந்தபுரத்திலும், பின்னர்ப் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மக்கள் திரள் திரளாக வந்தனர். அரண்மனைக்குரிய படத்தைப் பொதுமக்கள் வரிசையில் நின்று கண்ட காட்சி, பிற்காலத்துத் திரையரங்கு வாயிலின் முன்னோட்டம் என்று சொல்லலாம்.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்கள் பரிசு பெற்றன. 1894இல் பம்பாயில் சொந்த அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து பொறிகளும் தொழில் வல்லுநரும் வந்தனர். அந்த அச்சுமுறை எளியதன்று. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் படத்தை வரைவர். கல்லை ஈரமாக்கினால், வரைந்த இடத்தில் மட்டும் அச்சுமை ஒட்டும். மற்ற இடத்தில் நீர் அதை விலக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். ஒரே தாளைப் பலமுறை, மயிரிழை பிசகாமல், கல்லுக்குக் கல் மாற்றி அழுத்த வேண்டும். இறுதியில் எண்ணெய் வண்ணப் படம்போல் தோன்ற மெருகு பூசுவர். இவ்வாறு வெளிவந்த முதற்படம் சகுந்தலையின் பிறப்பு என்பர். இலட்சுமியும் சரசுவதியும் அடுத்தடுத்து வந்தனர். அரண்மனை விலை கொடுக்க இயலாத குடும்பத்தின் சுவரிலும் ஆணியடித்து இரவிவர்மரின் படம் ஏறியது.

கலைஞராக அவர் வென்ற இடத்தில் வணிகராக வெல்லவில்லை. 1896இல் பம்பாயில் கொள்ளை நோய் பரவியது. பின்னர் அச்சகம் லோனாவாலாவை அடுத்த மலவ்லிக்கு மாற்றப்பட்டது. கடன் ஏறியது. நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில், பல படங்களை அச்சிடும் உரிமையோடு அச்சகத்தைத் தம்மிடம் பணிபுரிந்த ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைகருக்கே விற்றுவிட்டார். அதன்பின் அவருடைய தேவியர் தீப்பெட்டியிலும் விளம்பரத் தாளிலும் குடிபுகுந்தனர்.

அறிஞர் உலகம் இதைப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் வந்த ஆனந்த குமாரசாமியும், சகோதரி நிவேதிதையும் அவரைக் கடுமையாகக் குறை கூறினர். ஐரோப்பியப் பாணியில் எழுதிய நாடகக் காட்சிகள் அவை, இந்திய மரபின் ஆழம் அவற்றில் இல்லை என்பது அவர்கள் கட்சி. அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. அவருடைய தெய்வப் பெண்களின் நிறமும் நகையும் செல்வர் வீட்டவை. வயலில் உழைத்துக் கறுத்த ஒரு பெண் தன் முகத்தை அந்த இலட்சுமியிடம் காணல் அரிது. நாட்காட்டி வழியாகவும் திரை வழியாகவும் அழகு என்றால் வெளுப்பு என்ற எண்ணம் வேரூன்றியதில் அப்படங்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர் கோயிலுக்குள் நுழைய முடியாது; கோயிலைச் சுற்றிய தெருக்கள் சிலவற்றில் நடக்கவும் முடியாது. அச்சிட்ட இலட்சுமிக்கு அந்தத் தடை இல்லை. கடையில் வாங்கியவர் யாரோ அவர் வீட்டுக்கு அவள் வந்தாள். கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் தன் குடிசைக்குள்ளேயே தெய்வத்தின் முகத்தை நேருக்கு நேர் காண அந்தத் தாள் வழி செய்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கோயில் நுழைவு உரிமையை அறிவித்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. அவர் இரவிவர்மரின் பேத்தி சேது பார்வதிபாயின் மகன்; இரவிவர்மருக்குக் கொள்ளுப்பேரன். அந்த அறிவிப்பு நீண்ட போராட்டங்களின் விளைவு. ஓவியத்தின் விளைவு என்று நான் சொல்லவில்லை. பாட்டனாரின் படங்கள் கதவு கேட்காமல் நுழைந்த நாட்டில், கொள்ளுப்பேரன் கையெழுத்தால் கதவு திறந்தது என்ற பொருத்தம் நினைக்கத் தக்கது.

தம்பி இராஜராஜவர்மர் வெறும் துணைவர் அல்லர். தாமும் தேர்ந்த ஓவியர், நாட்குறிப்பு எழுதியவர், அண்ணனின் கணக்கும் கடிதமும் பார்த்தவர். 1905இல் அவர் மறைந்தது இரவிவர்மரை ஒடித்துவிட்டது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மர் தம் பிறந்த ஊராகிய கிளிமானூரிலேயே உயிர் நீத்தார்.

அவருக்குப் பின் அவர் முறை வளர்ந்தது. அவருடைய பெயர் தாங்கிய அச்சகத்தில் தொழில் பழகியவர் என்று கூறப்படும் தாதாசாகேப் பால்கே 1913இல் அரிச்சந்திரன் கதையைப் படமாக்கினார். கோலாப்பூர் ஓவியர் பாபுராவ் பெயிண்டர் 1920களில் தம் படங்களுக்கு வண்ணச் சுவரொட்டி எழுதினார். தமிழ்நாட்டில், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று நாடகத் திரை எழுதிய கொண்டையராஜு கோவில்பட்டியில் அமர்ந்து, சிவகாசி நாட்காட்டிகளுக்குத் தெய்வங்களை எழுதினார். அவரும் அவர் மாணவரும் எழுதிய முருகனையும் மீனாட்சியையும் காணாத தமிழ் வீடு அக்காலத்தில் அரிது.

இரு சுவரொட்டிகளை ஒப்பிட்டால் இரவிவர்மரின் செல்வாக்கும் எல்லையும் விளங்கும். 1957இல் வந்த மதர் இந்தியாவின் சுவரொட்டியில் கலப்பையின் பாரத்தைத் தாங்கி நிற்கிறார் நர்கீஸ். கதையின் ஒரு நொடி அது. ஆயினும் தெய்வப் படிமம்போல் நடுநாயகமாக நிற்கிறார். இலட்சுமியும் சகுந்தலையும் ஒருங்கே கலந்த வடிவம். தாமரையின் இடத்தில் சேறும், மலரின் இடத்தில் கலப்பையும் வந்ததே புதுமை. 1960இல் வந்த தேவி என்னும் வங்கப் படத்துக்கு இயக்குநர் சத்யஜித் ராயே சுவரொட்டி அமைத்தார். அவர் சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றவர். இரவிவர்மரை மறுத்த மரபின் வாரிசு. அதில் ஒரு பெண்முகம். பாதி ஒளியில், பாதி இருளில். மருமகளைத் தெய்வமாக்கிவிட்ட ஒரு குடும்பத்தின் கதை அப்படம். முன்னது பெண்ணைத் தெய்வமாக உயர்த்தி நம்மை வணங்கச் செய்கிறது. பின்னது அவ்வாறு உயர்த்தலாமா என்று நம்மைக் கேட்கிறது. தூரத்திலிருந்து இழுக்கும் ஆற்றல் முன்னதற்கு மிகுதி. அருகில் வந்தவனை அகலவிடாத ஆற்றல் பின்னதற்கு மிகுதி.

இங்கே இந்நகரத்துக்குரிய ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். மலையாளத்தின் முதல் படமாகிய விகதகுமாரனை எடுத்தவர், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அகத்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பி. கே. ரோசி. திருவனந்தபுரத்தில் கேப்பிட்டல் அரங்கில் அப்படம் காட்டப்பட்டபோது, இந்தக் குலத்தவள் அந்தக் குலத்தவளாக நடிப்பதா என்று கொதித்தவர்கள் திரையைத் தாக்கினர். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. பின்னர் அவர் தமிழ்நாட்டில் பெயர் மறைத்து வாழ்ந்தார் என்பர். படச்சுருளும் அழிந்தது.

இரவிவர்மரின் தேவியருக்கு மாதிரியாக அமர்ந்தவர்களுள், அன்றைய சமூகம் தாழ்வாக நோக்கிய கலைக்குடும்பத்துப் பாடகி அஞ்சனிபாய் மால்பேக்கரும் ஒருவர் என்பர். தாளில் வந்த முகத்தை வணங்கியவர்கள், அந்த முகத்துக்கு உரியவர் எக்குலம் என்று கேட்கவில்லை. திரையில் உயிரோடு ஒருத்தி வந்தவுடன் அதே கேள்வி கல்லாகப் பறந்தது. படம் கதவுகளைத் திறக்கும்; மனங்களைத் திறக்கும் வேலை மனிதருடையது.

அதனால் இரவிவர்மரைப் போற்றுவதென்றால் அவர் வரைந்த முகங்களையே மீண்டும் மீண்டும் வரைவது என்று பொருளன்று. கற்பிக்க மறுத்த காலத்தில் கற்றார். அரண்மனைக்கு எழுதியதை எல்லார் வீட்டுக்கும் அனுப்பினார். அந்தத் துணிவே நாம் கொள்ளத்தக்கது. தோழர்களே, நம் சங்கத்தின் நாடகத்துக்கோ விழாவுக்கோ சுவரொட்டி எழுத அமர்வோர் இரண்டு கேள்விகளை முன்வைத்துக்கொள்ளலாம். எழுத்தறியாத ஒருவர் வழியில் நின்று இதைப் பார்ப்பாரா? இதுவரை எந்தச் சுவரிலும் இடம் பெறாத ஒருவர் முகம் இதில் இருக்கிறதா? முதற் கேள்விக்கு இரவிவர்மர் விடை தந்துவிட்டார். இரண்டாவதற்கு விடை தர வேண்டியவர்கள் நாம்.